சம்பாவுக்கு ஒரு மழைக் கணக்கு

காவிரி டெல்டாவில் சம்பா வைப்பவர் இரண்டு மழையை நம்பி வயலில் இறங்குகிறார். குடகு மலையில் பெய்து மேட்டூர் வழியாக வாய்க்காலுக்கு வந்து சேரும் தென்மேற்குப் பருவமழை ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் நம் வயல் மேலேயே கொட்டும் வடகிழக்குப் பருவமழை இன்னொன்று. முதல் மழை பொய்த்தால் நாற்று விட வழியில்லை. இரண்டாவது மிஞ்சினால் நட்டது மூழ்கும். குறைந்தால் கதிர் வரும் நேரத்தில் வயல் வெடிக்கும்.

இரண்டையும் நாம் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் விதை ஊறப்போடும் தேதி, ரகம், வடிகால், உரம் போடும் நாள், அறுப்பு நாள் எல்லாம் நம் கையில்தான் இருக்கின்றன. சம்பாவில் வரும் மழைச் சேதத்தில் கணிசமான பங்கு ஆவணியிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. இந்த அத்தியாயத்தை ஆடி மாதத்தில் படித்து, கையில் நோட்டுடன் வேலையைத் தொடங்குங்கள்.

## முதலில் தெரிய வேண்டியது இவ்வளவுதான்

தமிழ்நாட்டுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 440 மி.மீ. அளவில் மழை கிடைக்கிறது. ஆண்டு மழையில் இது கிட்டத்தட்டப் பாதி. நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கரையோரங்களில் இதைவிட மிக அதிகமாகப் பெய்யும். பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டி வரும். ஒரு வாரம் முன்பின் ஆவது சாதாரணம்.

இந்த மழை நாள்தோறும் அளவாகப் பெய்வதில்லை. காற்றழுத்தத் தாழ்வு வரும்போது மூன்று நாளில் ஒரு மாத மழை கொட்டும். பிறகு இரண்டு வாரம் வெயில் அடிக்கும். ஆகவே 'இந்த வருஷம் நல்ல மழை' என்ற ஆண்டுக் கணக்கை வைத்து வயலில் எந்த முடிவும் எடுக்க முடியாது. உங்கள் வயலில், இந்த வாரத்தில், எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் பயன்படும் கணக்கு.

மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. ஆனால் 2016-ல் செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28. நாள்காட்டியை மட்டும் பார்த்து விதை வாங்கக் கூடாது என்பதற்கு இந்த மூன்று தேதிகளே போதும்.

## வேலை 1: வயலுக்கு ஒரு மழைமானி

அரசு மழைமானி உங்கள் வயலிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அங்கே 7 செ.மீ. பெய்த அன்று உங்கள் வயலில் தூறல்கூட விழாமல் போயிருக்கலாம். அதனால் சொந்தமாக ஒன்று வையுங்கள். கடையில் பிளாஸ்டிக் மழைமானி கிடைக்கிறது, வீட்டிலும் செய்யலாம்.

1. பக்கங்கள் நேராக இருக்கும் 2 லிட்டர் பாட்டிலை எடுங்கள். நடுவில் இடுப்பு ஒடுங்கிய பாட்டில் வேண்டாம்.
2. கழுத்துக்குக் கீழே, உடல் நேராகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியை மூடி இல்லாமல் தலைகீழாகக் கவிழ்த்துப் புனல் போலப் பொருத்துங்கள். மழைநீர் ஆவியாவதையும் இலை தழை விழுவதையும் இது குறைக்கும்.
3. அடிப்பகுதி மேடு பள்ளமாக இருக்கும். பக்கங்கள் நேராகும் உயரம் வரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்புங்கள். அந்தத் தண்ணீர் மட்டம்தான் உங்கள் பூஜ்ஜியம். அங்கே அழியாத மையால் கோடு போடுங்கள்.
4. அந்தக் கோட்டிலிருந்து மேல்நோக்கி ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகளை அப்படியே குறியுங்கள். புனலின் வாயும் பாட்டிலின் உடலும் ஒரே அகலம் என்பதால், ஏறும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு மில்லிமீட்டர் மழை.
5. வரப்போரம் ஒரு கம்பு நட்டு, அதன் தலைக்குச் சற்று மேலே பாட்டிலின் வாய் வரும்படி நேராகக் கட்டுங்கள். மரமோ மோட்டார் கொட்டகையோ பக்கத்தில் இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள்.
6. தினமும் காலை 8.30 மணிக்குப் பாருங்கள். வானிலைத் துறையும் 8.30 முதல் மறுநாள் 8.30 வரையிலான மழையைத்தான் ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது. அதே நேரத்தை வைத்துக்கொண்டால் உங்கள் கணக்கை அவர்கள் கணக்கோடு ஒப்பிடலாம்.
7. தண்ணீரின் மேற்பரப்பு ஓரத்தில் பாட்டிலைப் பற்றி ஏறியும் நடுவில் தாழ்ந்தும் நிற்கும். கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, நடுவில் தாழ்ந்த இடத்தைப் படியுங்கள்.
8. படித்ததும் நோட்டில் எழுதி, தண்ணீரைப் பூஜ்ஜியக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெயில் நாளில் மட்டம் குறைந்திருந்தால் ஊற்றிச் சரிசெய்யுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: பெருமழை நாளில் பாட்டில் நிரம்பி வழிந்த பிறகு படிப்பது. சிவப்பு எச்சரிக்கை நாட்களில் இரவு படுக்கப் போகும் முன் ஒருமுறை படித்து எழுதி, தண்ணீரைப் பூஜ்ஜியக் கோட்டுக்கு இறக்கி, காலையில் இரண்டையும் கூட்டுங்கள். வெளியில் இடி இடித்தால் இந்த வேலைக்காக வயலுக்குப் போகாதீர்கள்.

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: தேதி, மழை மி.மீ., வயலில் நிற்கும் தண்ணீர் எத்தனை விரல், பயிர் எந்தப் பருவம், அன்று செய்த வேலை. இரண்டு மூன்று சம்பா முடிந்ததும், உங்கள் வயலில் எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் தண்ணீர் தேங்குகிறது, எத்தனை நாளில் வடிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். இந்த விவரம் எந்தச் செயலியிலும் கிடைக்காது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 100 மி.மீ. பெய்தால் ஓர் ஏக்கரில் நான்கு லட்சம் லிட்டர் விழுகிறது. வடிகாலைப் பற்றி யோசிக்கும்போது இந்த எண் மனதில் இருக்கட்டும்.

## வேலை 2: அறுப்பிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

'தண்ணீர் வந்தாச்சு, விதையைப் போடு' என்பதுதான் பழக்கம். அதை மாற்றி, எந்த வாரத்தில் பயிர் பூக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு விதைக்கும் நாளுக்கு வாருங்கள்.

நெல் மிகவும் நொந்துபோகும் நேரங்கள் மூன்று. நட்ட முதல் இரண்டு வாரம் மூழ்கினால் நாற்று அழுகும். பூக்கும் வாரத்தில், அதுவும் பூ விரியும் முற்பகலில், அடித்துப் பெய்தால் மகரந்தம் கழுவிப்போய்ப் பதர் மிகும். முற்றிய பிறகு பெய்தால் கதிர் சாய்ந்து முளைத்துவிடும். இந்த மூன்றையும் கனமழை வாரங்களிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்.

1. உங்கள் ரகத்தின் மொத்த வயதை விதை மூட்டைச் சீட்டிலோ வேளாண் விரிவாக்க மையத்திலோ உறுதிசெய்யுங்கள்.
2. மொத்த வயதில் 30-ஐக் கழியுங்கள். பூக்கும் நாள் ஏறத்தாழ அதுதான்.
3. விதைக்க நினைக்கும் தேதியிலிருந்து எண்ணி, பூக்கும் தேதியையும் அறுப்புத் தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.
4. பூப்பு நவம்பரின் நடுவில் விழுந்தால் தேதியை அல்லது ரகத்தை மாற்றுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. சி.ஆர். 1009 சப் 1 ரகத்துக்கு வயது 155 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 15-ல் நாற்று விட்டால் டிசம்பர் 18-ஐ ஒட்டிப் பூக்கும், ஜனவரி 17-ஐ ஒட்டி அறுப்பு. நடவு செப்டம்பர் நடுவில் முடிந்துவிடுவதால், பெருமழை தொடங்கும்போது பயிர் தூர் கட்டி நிமிர்ந்து நிற்கும். 135 நாள் ரகத்தை செப்டம்பர் 10-ல் விட்டால் டிசம்பர் 24-ல் பூப்பு, ஜனவரி 23-ல் அறுப்பு. அதே ரகத்தை அக்டோபர் 10-ல் விட்டால் என்ன ஆகும்? நடவு நவம்பரில், மழையின் நடுவே விழும். பூப்பு ஜனவரி 23-ஐ ஒட்டிப் போகும். மேட்டூர் மூடும் நேரமும் அதுதான். பால் பிடிக்கும்போது தண்ணீர் இருக்குமா என்பது சந்தேகம்.

ஆகவே தண்ணீர் தாமதமானால், நீண்ட வயது ரகத்தைப் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆகஸ்ட் முடிந்தால் நீண்ட வயதுக்குப் பதில் நடுத்தர வயது ரகம். செப்டம்பர் பின்பாதியும் தாண்டினால் அதைவிடக் குறைந்த வயதுள்ள ரகம் என்று இறங்கி வாருங்கள். கடையில் 'இதுதான் இருக்கு' என்று நீட்டும் மூட்டையை வாங்கிவந்து, வயதை அறுப்பு நேரத்தில் தெரிந்துகொள்வதுதான் டெல்டாவில் நான் அதிகம் பார்க்கும் நஷ்டத்துக்குக் காரணம்.

குறிப்பு: நேரடி விதைப்பில் பயிர் பிடுங்கி நடப்படாததால், நடவுப் பயிரைவிட ஒரு வாரம் முன்னதாகவே முற்றும். கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

தாழ்ந்த வயலுக்கு: ஆண்டுதோறும் மூழ்கும் வயல் என்றால் 'சப் 1' என்று முடியும் ரகங்களைத் தேர்ந்தெடுங்கள். சுவர்ணா சப் 1, சி.ஆர். 1009 சப் 1 போன்றவை வளர்ச்சிப் பருவத்தில் இரண்டு வாரம் வரை முழுதும் மூழ்கினாலும் தண்ணீர் வடிந்தபின் துளிர்க்கும் குணம் உள்ளவை. பூக்கும்போது மூழ்கினால் இந்தக் குணம் உதவாது. அதை நம்பி வடிகாலைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

நாற்றங்கால்: ஓர் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் போதும். ஊரிலேயே மேடான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து பத்து நாள் தள்ளி இன்னொரு சிறு நாற்றங்காலும் விட்டு வையுங்கள். முதல் நடவு அழுகினால் போக்கு நாற்றுக்கு ஊர் ஊராக அலைய வேண்டியிருக்காது.

### கடைமடையில் புழுதி விதைப்பு

திருவாரூர், நாகை கடைமடையில் ஆற்றுத் தண்ணீரை எதிர்பார்க்காமல் புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருக்கும் வழக்கம் உண்டு. இதில் ஆபத்து எங்கே என்றால், முளைக்கும் அளவுக்கு மட்டும் ஒரு மழை பெய்து, பிறகு பத்துப் பதினைந்து நாள் வறண்டுபோவதில். விதையை 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் இளம்பயிர் அந்த வறட்சியை ஓரளவு தாங்கும். கைவிதைப்பைவிட விதைக்கும் கருவியால் சீரான ஆழத்தில் விதைப்பது நல்லது. எல்லா வயலையும் ஒரே நாளில் விதைத்துவிடாமல், இரண்டு தவணையாகப் பிரியுங்கள். வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்த 2016-ல் கடைமடையில் முளைத்த பயிரே கருகியது. அப்படிப்பட்ட ஆண்டில் எந்த உத்தியும் முழுதாகக் காப்பாற்றாது. செலவைத் தவணையாகப் பிரித்தவருக்கு இழப்பு குறையும்.

## வேலை 3: வடிகால், புரட்டாசிக்குள்

பாசன வாய்க்காலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட வடிகாலுக்குக் கொடுப்பதில்லை. மழை தொடங்கியபின் மண்வெட்டியோடு ஓடுவது தாமதமான வேலை. செப்டம்பர் முடிவதற்குள் இதைச் செய்யுங்கள்.

1. உங்கள் வயலிலிருந்து தண்ணீர் போகும் வழியில் நடந்து போங்கள். உங்கள் மடையில் தொடங்கி, பக்கத்து வயல், கன்னி வாய்க்கால், பொது வடிகால், அது ஆற்றில் சேரும் இடம் வரை போக வேண்டும். எங்கே அடைப்பு என்று நோட்டில் குறியுங்கள்.
2. ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு இரண்டையும் வேரோடு எடுத்துக் கரைக்கு வெளியே போடுங்கள். வெட்டி அப்படியே தண்ணீரில் தள்ளிவிட்டால் அடுத்த மதகில் போய் அடைக்கும்.
3. குழாய்ப் பாலங்களின் உள்ளே கம்பு விட்டுப் பாருங்கள். வெளியே சுத்தமாகத் தெரியும் குழாய்க்குள் பாதி சேறு இருக்கும்.
4. வயலின் தாழ்ந்த மூலையைக் கண்டுபிடியுங்கள். வடிமடை அங்கே இருக்க வேண்டும். பலருக்கு அது வசதியான மூலையில் இருக்கிறது, தாழ்ந்த மூலையில் இல்லை.
5. வயலைச் சுற்றி உள்வரப்போரம் ஒரு முழ அகலத்தில் சிறு வாய்க்கால் எடுங்கள். நடுவயல் தண்ணீர் அதில் இறங்கும்.
6. பொது வடிகாலில் பெரிய அடைப்பு இருந்தால், ஊர்க்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு நீர்வளத் துறை பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவையுங்கள்.

கடலோரத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் வடிகால் தண்ணீர் கடலுக்குள் போகாது; இறங்கும் நேரத்தில்தான் ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். அந்த நாட்களில் பெருமழையும் சேர்ந்தால் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் தண்ணீர் நிற்கும் என்று எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்பே வயல் தண்ணீரைக் குறைத்து வையுங்கள். உப்புநீர் ஏறும் வடிகாலில் மடையை இரவு முழுக்கத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கடல் ஏறும்போது உப்பு உள்ளே வரும்.

## வேலை 4: வானிலை அறிக்கையை வயலுக்கு மொழிபெயர்ப்பது

அறிக்கையில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. ஒரு நாளில் 64.5 மி.மீ.-க்கு மேல் பெய்தால் கனமழை, 115.6-க்கு மேல் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் கால்வாசி இடங்களுக்கு மேல் எதிர்பார்க்கவில்லை என்று பொருள். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால்வாசிக்கு மேல். உங்கள் வயலும் அதில் இருக்கும் என்றே எண்ணி வேலை செய்யுங்கள்.

நிறங்களை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள்:

- மஞ்சள்: யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். மருந்து அடிப்பதைத் தள்ளிவையுங்கள். வடிமடையை ஒருமுறை பாருங்கள்.
- ஆரஞ்சு: வயலில் நிற்கும் தண்ணீரை இறக்குங்கள். முற்றிய பயிர் இருந்தால் அறுப்பு வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். மாட்டை மேட்டுக்குக் கொண்டுபோங்கள்.
- சிவப்பு: வடிமடையைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அதற்குப் பிறகு வயலில் செய்ய வேலை இல்லை.

செவ்வாய், வெள்ளி இரு நாட்களில் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. வரும் ஐந்து நாள் மழையோடு எந்தப் பயிருக்கு என்ன செய்யலாம் என்றும் அதில் இருக்கும். 'மேகதூத்' செயலியில் தமிழிலேயே படிக்கலாம். அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் தெரிய வேண்டும் என்றால், காரைக்கால் ரேடார் படம் டெல்டாவுக்கு நன்றாக உதவும். களத்தில் நெல் காயும்போது தார்ப்பாயை எப்போது இழுப்பது என்பதற்கு அதைவிட நல்ல துணை இல்லை. மேகத் திரள் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அடுத்தடுத்த இரண்டு மூன்று படங்களை வைத்துப் பாருங்கள். ஒரே படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் 'அடுத்த மாதம் இந்தத் தேதியில் புயல்' வகைச் செய்திகளை வைத்துச் செலவு செய்யாதீர்கள். எல் நினோ ஆண்டுகளில் குடகு மழை குறையவும் நம் பக்கத்து மழை கூடவும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. 2015 அப்படித்தான் இருந்தது. ஆனால் 2021-ல் அதற்கு நேர்மாறான லா நினா இருந்தும் தமிழ்நாட்டில் மழை மிஞ்சியது. ரகம் தேர்ந்தெடுக்கும்போது எல் நினோ செய்தியை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## வேலை 5: மூழ்கிய பயிரை மீட்பது

தண்ணீர் வடிந்த அன்றே உரக்கடைக்கு ஓடாதீர்கள். முதலில் பயிர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

1. வயலின் மேட்டில், நடுவில், தாழ்ந்த மூலையில் என்று மூன்று இடத்தில் இரண்டிரண்டு குத்தைப் பிடுங்குங்கள்.
2. வேரைக் கழுவிப் பாருங்கள். புதிதாக வெள்ளை வேர் நுனிகள் தெரிந்தால் பயிர் பிழைக்கும். எல்லாம் கறுத்து அழுகல் வாடை அடித்தால் பிழைப்பது கடினம்.
3. தண்டின் அடியை நகத்தால் நீளவாக்கில் கீறுங்கள். உள்ளே குருத்து வெளுத்து உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தால் அந்தத் தூர் போய்விட்டது.
4. அங்கங்கே மட்டும் செத்திருந்தால், அதே வயலில் நன்றாகத் தூர் கட்டிய குத்துகளைப் பிரித்து இடைவெளியில் நடுங்கள். வயதும் ரகமும் ஒன்றாக இருப்பதால் அறுப்பு ஒரே நாளில் வரும்.
5. தண்ணீர் நன்றாக வடிந்த பிறகு மேலுரம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள்.
6. வேர் இன்னும் உரம் எடுக்கும் நிலையில் இல்லாமல் இலை மஞ்சளித்து நின்றால், 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு ஏக்கருக்கு மாலையில் தெளியுங்கள்.

தவறுகள்: தேங்கிய தண்ணீரில் யூரியா போடுவது முதலாவது, பணம் வடிகாலில் போகும். சிங்க் சல்பேட்டை டி.ஏ.பி.யோடு ஒரே டேங்கில் கலப்பது இரண்டாவது. இரண்டும் சேர்ந்து கரையாத படிவாகிவிடும். பச்சை திரும்ப வேண்டும் என்று யூரியாவை இரட்டிப்பது மூன்றாவது. வெள்ளத்துக்குப் பின் இலைகள் கிழிந்திருக்கும் நிலையில் பாக்டீரியா இலைக்கருகலுக்கு அது விருந்து. மார்கழிப் பனியில் குலைநோயும் சேரும். காலையில் இலையில் பனி நீண்ட நேரம் நிற்கும் வாரங்களில் இலைகளில் கண் வடிவப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தினம் பாருங்கள். கண்டால் இலையோடு உதவி வேளாண்மை அலுவலரைப் பார்த்து மருந்தும் அளவும் கேளுங்கள். விதைக்கும்போதே கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்திருந்தால் தொடக்கத்திலேயே பாதி வேலை முடிந்திருக்கும்.

## உயிர் முதலில்

ஓர் ஏக்கர் நெல்லுக்காக உயிரைப் பணயம் வைப்பவர்களை ஒவ்வொரு ஐப்பசியிலும் இழக்கிறோம். இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

- இடி: இடிச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தால் மின்னல் உங்கள் மேலும் விழலாம். உடனே கான்கிரீட் வீட்டுக்குள் போங்கள். பனை, தென்னை அடியில் நிற்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வயலுக்குத் திரும்புங்கள். ஓட வழியில்லாத திறந்த வயலில் மாட்டிக்கொண்டால், மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, இரு காலையும் சேர்த்துக் குந்துங்கள், படுக்காதீர்கள். நடவுப் பெண்கள் வரிசையாக ஒட்டி நிற்காமல் பிரிந்து செல்ல வேண்டும். 'தாமினி' செயலி மின்னல் நெருங்குவதைக் காட்டும்.
- மின்சாரம்: வெள்ளம் ஏறிய மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். எலக்ட்ரீசியன் சோதித்த பிறகே சுவிட்ச். அறுந்த கம்பி கிடந்தால் அந்த வயலில் யாரையும் இறங்க விடாமல் ஆள் நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.
- பாம்பு: வெள்ளத்தில் பாம்புகள் வரப்புக்கும் வைக்கோல் போருக்கும் ஏறும். இரவில் டார்ச்சும் கம்பும் இல்லாமல் மடை பார்க்கப் போகாதீர்கள். கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.
- எலிக்காய்ச்சல்: காலில் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்கிய சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வயலில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

புயல் என்றால் தென்னை, வாழைக்காரர்களுக்கும் இரண்டு நாள் வேலை இருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்ததை இந்தப் பகுதி மறக்காது. எச்சரிக்கை வந்ததும் பாசனத்தை நிறுத்துங்கள். ஈரம் ஊறிய மண்ணில் வேர் பிடி தளரும். முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கி மரத்தின் பாரத்தைக் குறையுங்கள். வாழைக்கு முட்டுக் கொடுங்கள். முற்றிய தாரை வெட்டிவிடுங்கள். காற்று தொடங்கியபின் மரம் ஏறவே கூடாது.

## வேலை 6: தை மழைக்கு முன் அறுப்பு

ஜனவரியில் மழை ஓய்ந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. 2021 ஜனவரியில் பெய்த பெருமழையில் முற்றிய சம்பா சாய்ந்து வயலிலேயே முளைத்தது. 2023-ல் பிப்ரவரி முதல் வாரத்தில் அதேபோல். இனி அறுப்பு நாட்களுக்கும் மழைத் திட்டம் வேண்டும்.

1. அறுப்புக்குப் பத்து நாள் முன் தண்ணீரை முழுதாக வடியுங்கள். தரை இறுகியிருந்தால் சாதாரண வண்டியே இறங்கும். ஈரமானால் செயின் வண்டிதான் வேண்டும். மழைக்குப் பின் ஊரே அதற்குக் காத்திருக்கும், வாடகையும் ஏறும்.
2. கதிரில் ஐந்தில் நான்கு பங்கு மணி பொன்னிறமானதும் அறுக்கலாம். கடைசிப் பச்சை மணியும் பழுக்கட்டும் என்று காத்திருப்பது மழைக்குக் கொடுக்கும் வாய்ப்பு.
3. பயிர் சாய்ந்துவிட்டால், வடிமடையைத் திறந்துவிட்டு, நான்கைந்து குத்தைச் சேர்த்துப் பிடித்து நிமிர்த்திக் கட்டுங்கள். கதிர் தண்ணீரைத் தொடாமல் இருந்தால் முளைப்பது குறையும்.
4. அறுத்த நெல்லைக் குவியலாக விடாதீர்கள். நேரடி கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். களத்தில் மெல்லியதாகப் பரப்பி, மணிக்கொரு முறை கிளறுங்கள். தார்ப்பாயை ஈர நெல்லின் மேல் இறுக்கி மூடி இரவு முழுக்க விட்டால் உள்ளே சூடேறி மணி பழுப்பாகும். மழை விட்டதும் திறந்து காற்றாட விடுங்கள்.

### காப்பீடு

சம்பா காப்பீட்டில் விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசித் தேதி வரும்வரை காத்திருந்து இணைய மையத்தில் வரிசையில் நிற்காமல், நட்டதுமே கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கிப் பதிவு செய்யுங்கள். சர்வே எண், பரப்பு, கிராமப் பெயர் மூன்றும் ரசீதில் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று படியுங்கள். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் பிறகு பெரிய அலைச்சல்.

ஊர் முழுக்க மகசூல் குறைந்தால் பயிர் அறுவடைச் சோதனை வைத்துக் கணக்கிடுவார்கள். தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அறுத்துக் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால், 72 மணி நேரத்துக்குள் நீங்களே 14447 என்ற எண்ணிலோ வங்கியிலோ வேளாண் அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும். சர்வே எண் கல்லோ அடையாள மரமோ தெரியும்படி, தேதியோடு படம் எடுங்கள். பதிவு எண்ணை மழை நோட்டில் எழுதி, அந்த வாரத்து மழை அளவுகளையும் காட்டுங்கள்.

### அறுப்புக்கு முன் தூவும் உளுந்து

நெல் தரிசு உளுந்து மழையில் வளரும் பயிர் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் தை, மாசிப் பனியும்தான் அதற்குத் தண்ணீர். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் தூவிவிடுங்கள். தாமதமானால் பூக்கும்போது வெயில் தாக்கும்.

1. அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன் வயலில் நடந்து பாருங்கள். காலடித் தடம் பதிய வேண்டும், ஆனால் தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. அதுதான் தூவும் பதம்.
2. அடுத்த மூன்று நாள் அறிக்கையில் கனமழை இருந்தால் விதையை மூட்டையிலேயே வையுங்கள். தூவியபின் தண்ணீர் நின்றால் ஒரே இரவில் விதை அழுகும்.
3. இயந்திர அறுப்பு என்றால் சக்கரம் ஓடும் தடத்தில் செடி நசுங்கும் என்பதைக் கணக்கிட்டு, விதையைச் சற்றுக் கூட்டித் தூவுங்கள்.
4. பூக்கும்போதும், அதிலிருந்து 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை மாலையில் தெளியுங்கள். முந்தின இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். வண்டல் இறங்கினால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்.